பொட்டாசியம் டிரிப்: எப்படிக் கலப்பது, எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது?

கேள்வி: நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயிற்றுப்போக்குடன் வந்த நோயாளிக்குப் பொட்டாசியம் 2.8 இருந்தது. டாக்டர் 40 மில்லி ஈக்விவலன்ட் (ரத்த உப்புகளை அளக்கும் அலகு) பொட்டாசியம் குளோரைடு ஐ.வி.யில், அதாவது சிரை வழியாக, எழுதியிருந்தார். ஆம்பூலை (மருந்துள்ள சிறு குப்பியை) நேரடியாகப் போடவே கூடாது என்கிறார்கள். ஏன்? கலப்பதற்கான கணக்கு என்ன?

பதில்: உடலின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரைதான். பெரியவர் ஒருவரின் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏறக்குறைய 3 லிட்டர் என்றால், அதில் மொத்தமே 10 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கும். 10 மி.லி. கொண்ட 15 சதவீத ஆம்பூல் ஒன்றில் இருப்பதோ 20. அதை ஒரே மூச்சில் தள்ளினால், செல்கள் உள்ளே இழுத்துக்கொள்வதற்கு முன்பே இதயம் நின்றுவிடும். ஆம்பூலை நேரடியாகப் போடக் கூடாது என்பதில் விதிவிலக்கே கிடையாது.

கணக்குக்கு வருவோம். 15 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட். ஆகவே 40க்கு 20 மி.லி., அதாவது இரண்டு ஆம்பூல். வேறு செறிவிலும் ஆம்பூல்கள் வருவதால் லேபிளைப் படித்துவிட்டே உடையுங்கள். கையிலுள்ள சிரை என்றால் பொதுவான வரம்பு லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலன்ட், மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட். எனவே 1 லிட்டர் நார்மல் சலைனில் இரண்டு ஆம்பூலையும் கலந்து மணிக்கு 250 மி.லி. வீதம் ஏற்றினால் நான்கு மணி நேரத்தில் முடியும். இன்ஃபியூஷன் பம்ப் இல்லாமல் 20 சொட்டு செட்டில் (20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி.) ஓட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 83 சொட்டு. ஆனால் பொட்டாசியத்துக்குப் பம்ப்தான் சரி. நோயாளி கையை அசைத்தாலே சொட்டு வேகம் மாறிவிடும். இதய நோயாளிக்கோ முதியவருக்கோ இவ்வளவு திரவம் தாங்குமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மணிக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் வரை ஏற்றுவது சென்ட்ரல் லைனும் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் போடும் குழாய்) தொடர் இ.சி.ஜி. மானிட்டரும் உள்ள இடத்தில் மட்டும்.

டெக்ஸ்ட்ரோஸில் கலப்பதைத் தவிர்ப்பார்கள். சர்க்கரை ஏறியதும் இன்சுலின் சுரந்து பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். அளவு இன்னும் குறையும்.

அதிகம் நடக்கும் தவறு, தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் மருந்தைச் சேர்ப்பது. அது கலக்காமல் அடியில் தங்கி, முதலில் செறிவாக இறங்கும். கலக்கும்போது பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகத் திருப்பி, லேபிள் ஒட்டி, பிறகே மாட்டுங்கள்.

தொடங்கும் முன் சிறுநீரைப் பாருங்கள். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். வெளியேற வழியில்லாத பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிவப்பு, வீக்கம் தெரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். லேசான எரிச்சலுக்கு வேகத்தைக் குறைக்கலாம். வீங்கினால் உடனே நிறுத்துங்கள். பொட்டாசியம் அதிகமானதன் அடையாளமாக இ.சி.ஜி. மானிட்டரில் டி அலை கூர்மையாக உயர்ந்தாலோ, க்யூ.ஆர்.எஸ். அலை அகன்றாலோ, முதலில் டிரிப்பை மூடுங்கள். பிறகு டாக்டரை அழையுங்கள்.

உங்கள் நோயாளியிடம் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட்டும் வெளியேறுவதால் ரத்தம் அமிலத்தன்மை அடையும். அப்போது ஹைட்ரஜன் அயனிகள் செல்லுக்குள் போக, பொட்டாசியம் வெளியே வரும். அப்படி வந்தும் 2.8தான் என்றால் உண்மையான பற்றாக்குறை அந்த எண் காட்டுவதைவிடப் பெரியது. இந்த நிலையில் பைகார்பனேட்டை முதலில் கொடுத்தால் பொட்டாசியம் மீண்டும் உள்ளே போய், அளவு ஆபத்தாக இறங்கும்.

மறுபரிசோதனைக்கு டிரிப் ஓடாத கையில் ரத்தம் எடுங்கள். மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். சரியாக ஏற்றியும் எண் ஏறவில்லையென்றால் மக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள்: அது குறைவாக இருக்கும்வரை, கொடுக்கும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டேயிருக்கும்.