பெட்டியில இருக்கிற சின்ன எழுத்தை வாசிங்கோ: பாமசி கேள்வி-பதில்

திருமலை டவுனுக்குள்ள ஒரு சின்ன பாமசியில மருந்தாளரா நிக்கிறன். கவுன்டர்ல ஆக்கள் கேட்டதும் போன்ல எழுதி அனுப்பினதுமா சேர்ந்த கேள்விகள்ல, மருந்து வாங்கிற விசயமா இருந்த கொஞ்சத்துக்கு இந்த முறை பதில் எழுதுறன்.

கேள்வி: எனக்கு ஆறு வருசமா சீனி வருத்தம். டொக்டர் துண்டில மெட்போமின் 500 எண்டு எழுதித் தந்தவர். ஒரு கடையில மலிவா தந்தாங்க, இன்னொரு கடையில அதே 500 எண்டு சொல்லி மூண்டு மடங்கு விலை. மலிவானது வேலை செய்யாது எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா. எதை வாங்குறது பிள்ளை? (மனையாவெளி)

பதில்: அம்மா, ரெண்டு பெட்டியையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. பெரிய எழுத்தில இருக்கிறது கம்பனி வச்ச பேர், அதுக்குக் கீழ சின்னனா அடிச்சிருக்கிறதுதான் மருந்துட பேர். கம்பனிப் பேர் எவ்வளவுக்கும் மாறும், சின்ன எழுத்தில ரெண்டுலயும் மெட்போமின் 500 எண்டுதான் இருக்கும், உடம்புக்குள்ள போய் சீனியைக் குறைக்கிறதும் அதுதான். முதல்ல கண்டுபிடிச்ச கம்பனி விலையைக் கூட வைக்கும், அதைத் தனிய செய்யிற உரிமைக் காலம் முடிஞ்ச பிறகு வேற கம்பனிகளும் அதே மருந்தைச் செய்யும், அதால விலை குறையும். இலங்கையில எந்த மருந்தை விக்கிறதெண்டாலும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதிஞ்சிருக்கோணும், அது மலிவுக்கும் பொருந்தும் விலை கூடினதுக்கும் பொருந்தும்.

இது இண்டைக்கு நேற்று வந்த கதையில்ல. பேராசிரியர் சேனக பிபிலே எண்ட மனுசன் இதுக்காகவே நிண்டவர். 1971ல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கினப்ப அவர்தான் முதல் தலைவர், கம்பனிப் பேருக்கு காசைக் கொட்டாம மருந்துட பேர்ல வாங்கினா ஏழைச் சனத்துக்கும் மருந்து கிடைக்கும் எண்டு செய்து காட்டினவர், அதைப் பிறகு மற்ற நாடுகளும் பாத்தது. இண்டைக்கு நாங்க ஒசுசல எண்டு போற கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்திடதான். 2016 ஒக்டோபர்ல அரசாங்கம் 48 மருந்துக்கு உச்ச விலை போட்டதும் இந்த வழியில வந்ததுதான்.

ஆனா அம்மா, மாத்தி வாங்கேக்க மூண்டு விசயம் பாக்கோணும். மில்லிகிராம் ஒண்டா எண்டு பாருங்கோ. பேருக்குப் பின்னால எஸ்.ஆர், எக்ஸ்.ஆர் எண்டு வால் எழுத்து இருக்கா எண்டு பாருங்கோ, அது மெல்ல மெல்லக் கரையிற குளிசை, அதை சாதாரண குளிசைக்குப் பதிலா எடுக்கக் கூடாது, உடைச்சும் விழுங்கக் கூடாது. பிறகு, வலிப்பு மருந்து, தைரொயிட்டுக்கு எடுக்கிற தைரொக்சின், ரத்தம் உறையாம இருக்க எடுக்கிற வோபரின் போல மருந்துகள்ல ஒரு கம்பனியில இருந்து இன்னொண்டுக்கு நீங்களா மாறாதீங்கோ, டொக்டரைக் கேட்டுத்தான் மாறோணும், ஏனெண்டா அதுகள்ல சின்ன வித்தியாசமும் உடம்பில தெரியும். உங்கட மெட்போமினுக்கு அந்தப் பயம் இல்ல, மலிவானதை வாங்கி சாப்பாட்டோட எடுங்கோ.

பேரைப் பற்றி நான் இவ்வளவு சொல்லுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒருநாள் ஒரு ஐயா வந்து எழும்பேக்க தலை சுத்துது எண்டு சொன்னார். வீட்டில இருக்கிற எல்லா மருந்தையும் கொண்டு வாங்கோ எண்டன், பின்னேரம் ஒரு பிஸ்கட் டின்னோட வந்தார். கவுன்டர்ல கொட்டிப் பாத்தா கிளினிக்ல குடுத்த வெள்ளைக் குளிசை ஒரு உறைக்குள்ள, தனியார் டொக்டர் எழுதி வாங்கின பச்சைப் பெட்டி ஒண்டு, ரெண்டுலயும் சின்ன எழுத்தில லொசாட்டன் 50 எண்ட பிரஷர் மருந்து. நிறம் வேற, பேர் வேற, அதால ரெண்டு மருந்து எண்டு நினைச்சு ஒரு மாசமா ரெண்டையும் போட்டிருக்கிறார். அண்டைக்கே டொக்டரிட்ட அனுப்பினன். நீங்க எந்த டொக்டரிட்டப் போனாலும் வீட்டில இருக்கிற குளிசைக் காட்டுகளின்ட (குளிசை அடைச்சு வாற அட்டை) பின்பக்கத்தை போன்ல படம் எடுத்துக்கொண்டு போங்கோ, பாமசியிலயும் அதைக் காட்டுங்கோ.

கேள்வி: மகளுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், பரசிற்றமோல் பாணி குடுத்தும் இறங்கி இறங்கி ஏறுது. வேற பலமான மருந்து, இல்லாட்டி பின்பக்கம் வைக்கிற குளிசை தருவீங்களா அக்கா? (சாம்பல்தீவு)

பதில்: தரமாட்டன் தங்கச்சி, கோவிக்காதேங்கோ. இஞ்ச வாடை மழை தொடங்கினா நுளம்பும் டெங்கும் சேர்ந்து வரும். டெங்கா இருந்தா ஐபுபுரோபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் போல நோ மருந்து எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும், பின்பக்கம் வைக்கிறதும் கனக்க டைக்ளோபெனக்தான். பரசிற்றமோல் மட்டும், அதுவும் பிள்ளையிட நிறைக்கு கணக்குப் பாத்து, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. போத்தலைப் பாருங்கோ, 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் எண்டும் வரும் 250 எண்டும் வரும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், அளவு ரெண்டு மடங்கு. தேத்தண்ணிக் கரண்டியால அளக்காம அளவு மூடியோ சிரிஞ்சோ கேட்டு வாங்குங்கோ. வேற தடிமன் பாணி குடுக்கிறீங்க எண்டா அதுக்குள்ளயும் பரசிற்றமோல் இருக்கா எண்டு பாத்திட்டுக் குடுங்கோ. பெரியாக்களுக்கும் இதுதான், 24 மணித்தியாலத்தில 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை எட்டுக்கு மேல கூடாது.

ரெண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் எண்டா இனிக் கடைக்கு வராதேங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ரத்தம் பரிசோதியுங்கோ. காய்ச்சல் விட்டதும் சுகம் எண்டு நினைக்கிறதுதான் பயங்கரம், டெங்கில சிக்கல் வாறது அந்த நேரத்திலதான். வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிர்றது, சலம் குறையுறது, எங்கயாவது ரத்தம் வாறது, இதில ஒண்டு தெரிஞ்சாலும் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: அம்மம்மாக்கு இன்சுலின் டவுனில வாங்கி பஸ்ஸில மூதூருக்குக் கொண்டு போறம். வீட்டில பிரிட்ஜும் இல்ல. போன முறை ஐஸ் கட்டிக்குள்ள புதைச்சுக் கொண்டு போனன், பிறகு சீனி இறங்கவே இல்ல. போலி மருந்தா? (மூதூர்)

பதில்: தம்பி, போலியா இருக்கோணும் எண்டில்ல, அந்த ஐஸ்தான் கெடுத்திருக்கும். இன்சுலின் உறைஞ்சா பிறகு உருகினாலும் பழைய வேலை செய்யாது. திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள்ள இருக்கோணும், பிரிட்ஜ் எண்டாலும் உறைபெட்டிக்குப் பக்கத்தில வைக்கக் கூடாது. திறந்து பாவிக்கிற போத்தல் 30 பாகைக்குக் கீழ இருந்தா கனக்க வகை நாலு கிழமை அளவு தாங்கும், உங்கட வகைக்கு எத்தனை நாள் எண்டு பெட்டிக்குள்ள இருக்கிற கடதாசியில பாருங்கோ. திறந்த திகதியை போத்தல்ல எழுதுங்கோ.

கொண்டு போறதுக்கு வாய் அகலமான பிளாஸ்க் நல்லது. அடியில குளிர் பக்கெட், அதுக்கு மேல மடிச்ச துவாய், அதுக்கு மேல பெட்டியோட இன்சுலின், ஐஸில நேர முட்டக்கூடாது. பஸ்ஸில யன்னல் வெயில்லயும் மோட்டசைக்கிள் சீட்டுக்குக் கீழயும் வைக்காதேங்கோ, அந்தச் சூட்டில ஒரு மணித்தியாலமே கூட. வீட்டில ரெண்டு மண் சட்டி எடுத்து, பெரிய சட்டிக்குள்ள ஈர மணல் போட்டு, சின்னச் சட்டியை அதுக்குள்ள இறக்கி, இன்சுலினை பொலித்தீன்ல சுத்தி உள்ள வச்சு ஈரத்துணியால மூடுங்கோ. நிழல்ல காத்துப் படுற இடமா இருக்கோணும், மணல் காயக் காயத் தண்ணி தெளிக்கோணும். கச்சான் காத்து அடிக்கிற காலத்தில இது நல்லாவே குளிரும், மழைக்காலத்தில அவ்வளவு குளிராது. பாவிக்கிற போத்தலுக்கு மட்டும்தான் இது, மாசக்கணக்கா சேத்து வைக்க ஏலாது, அதால ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்குங்கோ.

அம்மம்மா எடுக்கிறது பால் மாதிரி கலங்கின கலப்பு இன்சுலின் எண்டா உள்ளங்கைக்குள்ள வச்சு உருட்டிப் பாருங்கோ. உருட்டின பிறகும் கட்டி கட்டியா நிண்டாலோ, போத்தல் சுவரில பனி பிடிச்ச மாதிரி ஒட்டியிருந்தாலோ அதைப் பாவிக்கக் கூடாது.

கேள்வி: ஏ.எல் படிக்கிற மகளுக்கு எந்நேரமும் களைப்பு. பேஸ்புக்ல ஒரு சத்துக் குளிசை விளம்பரம் பாத்தன், ஒரு போத்தலே பெரிய விலை. வாங்கலாமா? (உப்புவெளி)

பதில்: அந்தக் காசில முதல்ல ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பாத்திடுங்கோ. பொம்பிளைப் பிள்ளையளுக்கு கனக்க தரம் இரும்புச்சத்துக் குறைவுதான், அதுக்கு டொக்டர் எழுதுற இரும்புக் குளிசை மலிவு. ஆனா எங்கட ஆக்கள் அதை பிளேன்டீயோட விழுங்குறதுதான் எனக்குக் கவலை, தேயிலை இரும்பை உடம்பில ஏற விடாது. தேசிக்காய்த் தண்ணியோட எடுத்து, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுங்கோ. சூடை மீனும் கீரையும் சோத்தோட போகட்டும். விளம்பரப் போத்தல்ல பதிவு இலக்கமும் என்னென்ன எவ்வளவு இருக்கு எண்டதும் இல்லாட்டி தொடவே வேண்டாம்.

கேள்வி: நிலாவெளியில வெயிலுக்க நிண்டு வேலை. ஜீவனியை (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) ஒரு கிளாஸ் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக் குடிக்கிறன், சரியா?

பதில்: இல்ல தம்பி. ஒரு பக்கெட் முழுசா ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணிக்கு. குறைஞ்ச தண்ணில கரைச்சா உப்பு கூடிப்போகும். கரைச்சதை 24 மணித்தியாலத்துக்குள்ள முடியுங்கோ, மிஞ்சினா ஊத்துங்கோ. பிரஷர் இருக்கிற ஆக்கள் கேட்டிட்டுக் குடிக்கோணும். வெறும் வேர்வைக்கு உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் காணும்.

கேள்வி: உம்மாக்கு பிரஷர் குளிசை வாங்கினேன். குளிசைக் காட்டில இருந்து வெட்டி வெள்ளை உறையில போட்டுத் தந்தாங்க, பேரும் இல்ல எக்ஸ்பயரியும் இல்ல. பில் கேட்டதுக்கு முகம் சுளிச்சாங்க. என்ன செய்யலாம்? (கிண்ணியா)

பதில்: வெட்டித் தாறது பிழையில்ல, எல்லாருக்கும் முழுக் காட்டு வாங்கக் காசு இருக்காது. ஆனா உறையில மருந்துட பேர், மில்லிகிராம், எப்ப எடுக்கிறது, எக்ஸ்பயரி நாலும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ, எழுதாட்டி காசைக் குடுக்க முதல் திருப்பிக் குடுங்கோ. திகதி அடிச்ச பக்கம் கடையில நிக்கிறதால காட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். 08/2027 எண்டு இருந்தா ஆகஸ்ட் முடியிற வரைக்கும் பாவிக்கலாம்.

பில் உங்கட உரிமை. பெட்டியில அடிச்ச விலைக்கு மேல வாங்கினாலோ திகதி முடிஞ்சதை வித்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977ல அடிச்சுச் சொல்லலாம், அப்ப அந்தப் பில்லும் உறையும் கையில இருக்கோணும். உறையை எறியாம வையுங்கோ. இப்ப வீட்டில இருக்கிற குளிசையை வாங்கின கடைக்கே கொண்டு போய் எந்தக் காட்டில இருந்து வெட்டினது எண்டு பாத்து எழுதி எடுங்கோ. அவங்களுக்குச் சொல்லத் தெரியாட்டி உம்மாக்கு அதைக் குடுக்காதீங்கோ, துண்டைக் கொண்டு போய் புதுசா வாங்குங்கோ.