ஏழு வருடம் முடிகிறது, கடன் முடியவில்லை

கேள்வி: நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 57. 2019 ஜூனில் வீட்டுக் கூரையில் 10 கிலோவாட் சோலர் போட்டேன். வருகிற மின்சாரம் முழுவதையும் மின்சார சபைக்கு விற்கும் நெற் பிளஸ் முறை. அதற்கு 12 லட்சம் வங்கிக் கடன், 12 வீத வட்டி, பத்து வருடம். மாதம் 17,200 ரூபா கட்டுகிறேன். யூனிட் 22 ரூபாப்படி மாதம் 26,000 ரூபா அளவில் வந்துகொண்டிருந்தது. ஏழு வருடம் முடிந்ததும் 15.50 ரூபாதான் தருவார்களாம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ 37 ரூபா. இது அநியாயம் இல்லையா, யாரிடம் முறையிடலாம்?

இன்னொரு விஷயம். 2023 கடைசியில் மனைவியின் தம்பிக்கு லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெஷின்) எடுக்க என் பெயரில் லீசிங் போட்டுக் கொடுத்தேன். மாதம் 13,500. முதலில் அவர் கட்டினார், ஒரு வருடமாக நான்தான் கட்டுகிறேன். இன்னும் இருபது மாதம் இருக்கிறது. அவர்தான் இப்போது பற்றரி போடச் சொல்கிறார். இரவில் பற்றரியிலிருந்து அனுப்பினால் யூனிட்டுக்கு 45.80 ரூபா தருகிறார்களாம். பற்றரியும் புது இன்வேட்டரும் 9.5 லட்சம், ஏழு வருடக் கடனும் தானே ஒழுங்கு செய்து தருவாராம். நிலையான வைப்பில் 5 லட்சம் இருக்கிறது, 8 வீத வட்டி. அதைத் தொட மனமில்லை. என்ன செய்வது?

பதில்: மாஸ்ரர், கூட்டு வட்டியை உங்களுக்கு நான் விளக்கப் போனால் அது நன்றாக இராது. நேரே வருகிறேன்.

முறையிடுவதற்கு ஒன்றும் இல்லை. மின்சார சபையோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து விலை எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். முதல் ஏழு வருடம் 22 ரூபா, எட்டாம் வருடம் முதல் இருபதாம் வருடம் வரை 15.50 ரூபா. 2016இல் கூரைச் சோலருக்கான அரசாங்கத் திட்டமான சூரிய பல சங்கிராமம் தொடங்கியபோது அறிவித்த விலை இதுதான். அதன்பிறகு யாரும் உங்களுக்கு விலையைக் குறைக்கவில்லை. யூனிட்டைக் குறைத்து எழுதினார்கள், காசு வரவில்லை என்றால் எழுத்தில் முறையிடுங்கள், தேவைப்பட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வரை போகலாம். ஒப்பந்தத்தில் உள்ள விலையை ஒப்பந்தப்படி தருவதற்கு எதிராக எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது.

ஏன் இரண்டு படியாக வைத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சோலர் போடுகிறவருக்குச் செலவெல்லாம் முதல் நாளே. வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே கடன் கட்டும் காலத்தில் கூடிய விலை, கடன் முடிந்தபிறகு குறைந்த விலை. இந்த வழக்கம் சோலரோடு வந்ததும் இல்லை. மலையகத்தில் 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களிடம் மின்சார சபை வாங்கத் தொடங்கிய காலத்தில், தான் எண்ணெய் எரிக்காமல் எவ்வளவு மிச்சம் பிடித்ததோ அதைக் கணக்குப் பார்த்துத்தான் விலை கொடுத்தது. எண்ணெய் விலை ஏறினால் அவர்களுக்குக் கொண்டாட்டம், இறங்கினால் வங்கி மனேஜரின் தொலைபேசி. அந்த ஏற்ற இறக்கத்தில் யாரும் கடன் கொடுக்கத் தயங்குவார்கள் என்பதால், பிறகு உற்பத்திச் செலவை வைத்து இருபது வருடத்துக்கு மூன்று படியாக விலை வகுத்தார்கள். முதல் எட்டு வருடம் கூடுதலாக, அடுத்த ஏழு வருடம் குறைவாக, கடைசி ஐந்து வருடத்துக்கு வேறொன்று. அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முதல் படி முடிவதற்குள் கடனை முடிப்பதிலேயே கண்ணாக இருப்பார்கள். உங்களுக்கு வங்கி கொடுத்தது பத்து வருடம். தவணை சிறிதாகத் தெரிந்தது, எடுத்தீர்கள். வங்கிக்கு உங்கள் சம்பளம் பிணையாக இருந்தது, எட்டாம் வருடத்தைப் பற்றி அது ஏன் கவலைப்படப் போகிறது?

அடுத்த வீட்டு 37 ரூபாவைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். அது 2022 நெருக்கடிக்குப் பிறகு வந்த விலை. 2019இல் 180 ரூபாவாக இருந்த டொலர் 360 வரை போய், பனல் விலையெல்லாம் எகிறி, வங்கி வட்டியும் 20 வீதத்தைத் தாண்டியிருந்த நேரம். அவர் எவ்வளவுக்குப் போட்டார், என்ன வட்டிக்குக் கடன் எடுத்தார் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பனல் விலை இறங்க, 2024 ஜூலையில் புதிதாக இணைகிறவர்களுக்கு அதே விலை 27 ஆனது. 2025இல் அதையும் அளவுக்கேற்பப் பிரித்தார்கள். 5 கிலோவாட் வரை 20.90, அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61, அப்புறம் பெரிதாகப் பெரிதாக இன்னும் குறைவு. புதிதாக வருகிறவருக்கே இவ்வளவுதான் என்றால், பழைய ஒப்பந்தக்காரருக்கு இரக்கப்பட்டு விலையைக் கூட்டுவார்கள் என்று காத்திருப்பது வீண்.

மதிய வெயிலில் மின்சாரம் மிஞ்சிப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்ட பிறகு, அந்த வருடப்பிறப்பு விடுமுறையில் ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் மூன்று மணி வரைக்கும் கூரை சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பகல் யூனிட்டுக்கு இனி மதிப்புக் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, சோலர் கதை இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சோலர் இல்லை.

மாதம் 26,400 வருகிறது என்று வைப்போம் (1,200 யூனிட், 22 ரூபா). வங்கிக்கு 17,200 போக மிச்சம் 9,200. அந்த 9,200 உங்களுக்கு உபரிக் காசாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்பித்தான் லீசிங்கில் கையெழுத்து வைத்தீர்கள். ஆனால் லீசிங் தவணை 13,500. அதாவது சோலர் காசு 22 ரூபாவில் வந்துகொண்டிருந்தபோதே மாதம் 4,300 ரூபா உங்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. 15.50 ரூபாவில் அதே 1,200 யூனிட்டுக்கு 18,600தான். இரண்டு தவணையும் சேர்த்து 30,700. பள்ளம் 12,100 ஆகிறது. இந்த 12,100இல் விலை குறைந்ததால் வந்தது 7,800தான். மிச்சம் முன்பே இருந்தது, நீங்கள் பார்க்கவில்லை.

ஒரே பனங்காணியை இரண்டு பேருக்கு ஈடு வைத்துவிட்டு, இப்போது மூன்றாவது ஆளுக்கும் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும். கூரையிலிருந்து வருவது சம்பளம் மாதிரி வருடா வருடம் ஏறுகிற காசு இல்லை. அரசாங்கம் ஒரு காகிதத்தில் எழுதிவைத்த விலை, முடிகிற திகதியும் அதே காகிதத்தில் இருக்கிறது. 2022இல் எல்லா விலையும் இரட்டித்தபோதும் உங்கள் 22 அசையவில்லை, கவனித்திருப்பீர்கள். அந்த நெருக்கடியில் சிறு உற்பத்தியாளர்கள் பலருக்கு மாதக்கணக்கில் நிலுவையும் நின்றது. இப்படிப்பட்ட வருமானத்தை வைத்து அதற்கென்றே எடுத்த கடனைக் கட்டலாம். இன்னொருவருடைய லாண்ட்மாஸ்டரை ஓட்ட முடியாது.

இனிப் பற்றரி. 45.80 என்ற விலையை மச்சான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. இரவு உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு அறிவித்த விலைதான். எண்ணைக் கேட்டதும் எல்லோருக்கும் வாய் ஊறுகிறது, எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9.5 லட்சத்துக்கு அவர் சொல்வது பத்து யூனிட் கொள்ளளவுள்ள பற்றரி என்று எடுத்துக்கொள்வோம். உள்ளே போவதெல்லாம் வெளியே வராது, ஒன்பது யூனிட் வரும். ஒருநாளும் தவறாமல் மாதம் 270 யூனிட் அனுப்பினால் சுமார் 12,400 ரூபா. ஆனால் அந்தப் பற்றரியை நிரப்பப் பகலில் 300 யூனிட் எடுத்தீர்களே, அதைப் பகலிலேயே விற்றிருந்தால் 4,650 வந்திருக்கும். கழித்தால் கூடுதல் வருமானம் 7,700 ரூபா சொச்சம்.

நீங்கள் இழக்கிற 7,800க்கு இது கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் காதுக்கு இவ்வளவு இனிக்கிறது. ஆனால் 9.5 லட்சத்துக்கு 12 வீதத்தில் ஏழு வருடத் தவணை 16,800 அளவில் வரும். 7,700 சம்பாதிக்க 16,800 கட்டுவீர்கள். பள்ளம் 12,100இலிருந்து 21,000ஐத் தாண்டும். வட்டியே இல்லாமல் கைக்காசில் போட்டால்கூட, மாதம் 7,700 வீதம் 9.5 லட்சத்தைத் திருப்பி எடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பற்றரியின் வலு எவ்வளவு குறைந்திருக்கும் என்று விற்பவரிடமே எழுத்தில் கேளுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு எத்தனை வீதம் மிஞ்சும் என்று உத்தரவாதப் பத்திரத்தில் இருக்கும், வாயால் சொல்வதை எடுக்காதீர்கள். உங்களுடைய பழைய நெற் பிளஸ் ஒப்பந்தத்தை எந்த நிபந்தனையில் பற்றரிக்கு மாற்றுவார்கள் என்பதை மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் கேட்க வேண்டும், மச்சானிடம் இல்லை.

மச்சானுக்கு அந்தக் கம்பனியிலிருந்து ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டீர்களா? கடனையும் தானே ஒழுங்கு செய்து தருகிறேன் என்று வருகிறவரிடம் இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. நிலையான வைப்பில் 8 வீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 12 வீதம் கட்டுகிறீர்கள். அந்த 8இலும் வரியைப் பிடிக்கிறார்கள். ஏழு வருடத் தவணை கட்டி முடிய, வங்கிக் கடனில் சுமார் 5.2 லட்சம் மிச்சம் இருக்கும். வைப்பில் 4 லட்சத்தை எடுத்து அதில் போடுங்கள், ஒரு லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். வைப்பு முதிரும் திகதிக்கு முன் உடைத்தால் வட்டி குறையும். ஒன்றிரண்டு மாதம்தான் என்றால் பொறுத்து எடுங்கள். வங்கியில் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். முக்கியமாக, தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் தவணையைக் குறைத்துவிட்டு மூன்று வருடத்தை அப்படியே வைத்திருக்கக்கூடும். மிச்சம் 1.2 லட்சத்துக்கும் அதே 17,200 கட்டினால் எட்டு மாதத்துக்குள் கடன் தீரும். பிறகு வருகிற 18,600இல் வங்கிக்கு ஒரு சதமும் இல்லை.

லாண்ட்மாஸ்டர் விஷயத்தில் மனைவியையும் வைத்துக்கொண்டு மச்சானோடு ஒருநாள் கதைக்க வேண்டியிருக்கும். அதுதான் உங்களுக்குப் பற்றரிக் கணக்கை விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் இருபது மாதம் என்றால் 2.7 லட்சம். அதற்கு முன் லீசிங் கம்பனியில் இன்று முடித்தால் எவ்வளவு என்று கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் உழவுக்கும் ஏற்றி இறக்கவும் ஓடுகிறது, உழைக்கிறது என்றால் 13,500ஐ அவர் மாதா மாதம் உங்கள் கையில் தர வேண்டும், இந்த மாதத்திலிருந்தே. அவரிடம் அந்த உழைப்பு இல்லையென்றால் விற்று லீசிங்கை முடிப்பதே வழி. விற்ற காசில் குறைகிறதை நீங்கள் போட வேண்டி வந்தால் போடுங்கள், ஐம்பதாயிரம் குறைந்தாலும் 2.7 லட்சத்தை விட மலிவு. விற்கும் முன் கம்பனியின் சம்மதம் வேண்டும், கடன் தீரும் வரை முழு உரிமை அவர்கள் பெயரில்தான் இருக்கும். கட்டாமல் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது. கடன் தகவல் பணியகத்தில் கறுப்புப் புள்ளி விழுவது உங்கள் பெயருக்கு.

மூன்று வருடத்தில் பென்சனுக்குப் போகப் போகிறீர்கள். அதுவரை இந்தக் கூரையைக் காட்டி வேறு எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம், அது மச்சான் என்றாலும் சரி, கனடாவில் இருந்து வருகிற அக்கா என்றாலும் சரி.

கடன் தீர்ந்ததும் 18,600இல் 3,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். உங்கள் இன்வேட்டருக்கும் ஏழு வயதாகிறது, அதன் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லைத் தேடிப் பாருங்கள். அது ஒருநாள் நின்றுவிட்டால் புதிது வாங்கும் வரை ஒரு யூனிட்டும் போகாது, 15.50 ரூபாவும் வராது.