கன்றுக்குட்டிக்கு வைரஸ் கழிச்சல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிறந்து எட்டு நாளான ஜெர்சி கலப்பினக் கன்று மஞ்சளாக, தண்ணியாகக் கழிகிறது. போன கன்றுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரை மீதி இருக்கிறது. கொடுக்கலாமா சார்? (பரமத்தி)

பதில்: தயவுசெய்து வேண்டாம். முதல் நான்கைந்து நாளில் வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா காரணம். அதற்குப் பிறகு மூன்று வாரம் வரை ரோட்டா, கொரோனா என்ற இரு வைரஸ்களைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் இதே வயதில்தான் வரும். வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றும் செய்யாது. காய்ச்சலோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

கேள்வி: கழிச்சல் நிற்கும்வரை பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். சரிதானா? (ஓமலூர்)

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த வைரஸ்கள் சிறுகுடலின் உட்சுவரில் பாலைச் செரித்து உறிஞ்சும் நுண்ணிய முனைகளை அழித்துவிடுகின்றன. செரிக்காத பால் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்க, எல்லாம் சேர்ந்து வெளியே போகிறது. கொரோனா பெருங்குடலையும் தாக்குவதால் பொதுவாக இன்னும் கடுமை. கன்று சாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றித்தான். அதனால் இழந்ததை ஊட்ட வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலம் ஓ.ஆர்.எஸ்-ஐ ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, நாளைக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். பாலுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், பட்டினி போட்டால் கன்றுக்குத் தெம்பே இருக்காது.

கண் குழி விழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்று, சப்பவும் தெம்பில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே டிரிப் ஏற்ற வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கொரோனா என்கிறீர்களே, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (திருச்செங்கோடு)

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. இது கோவிட் இல்லை. மாட்டுக் கொரோனா 1970-களிலேயே கண்டறியப்பட்ட வேறு வைரஸ். ஆனால் முன்பு சொன்ன கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணியும், கழிச்சல் தரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் மனிதருக்குத் தொற்றும். கழியும் கன்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

கேள்வி: நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறப்போம். அதனால் கெடுதல் உண்டா? (அரூர்)

பதில்: உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இதுதான். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் கன்றுக்கு வராது, சீம்பாலில்தான் வரும். அதைக் கன்றின் ரத்தத்துக்குள் விடும் குடல், நேரம் ஆக ஆக அடைபட்டு, ஒரு நாளில் மூடிக்கொள்ளும். நஞ்சுக்கொடி விழ எட்டு, பத்து மணி நேரம் ஆனால் பாதி வாய்ப்பு போய்விடுகிறது. காம்பைக் கழுவிவிட்டு, ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். மீதிச் சீம்பாலை அடுத்த சில நாள் பாலோடு கலந்து கொடுத்தால் குடலுக்குள்ளேயே ரோட்டாவைத் தடுக்கும்.

கேள்வி: மற்ற கன்றுகளுக்குப் பரவுமா? (ஆத்தூர்)

பதில்: வேகமாகப் பரவும். நோயே காட்டாத பெரிய மாட்டின் சாணத்திலும் வைரஸ் இருக்கலாம். ரோட்டா சாணத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய்க் கன்றைத் தனியே கட்டி, நல்ல கன்றுகளுக்கு முதலில் பால் காட்டிவிட்டு அப்புறம் அதனிடம் போங்கள். வாளியும் தனியாக இருக்கட்டும்.