அமெரிக்கப் பழங்குடிகள் செய்த தங்க நகைகள் சுத்தத் தங்கமா?

பல நகைகள் அப்படி இல்லை. கொலம்பியா, பனாமா பகுதிகளில் கிடைத்தவற்றில் ஏராளமானவை, தங்கத்தோடு செம்பு கலந்த 'தும்பாகா' என்ற கலவை. ஏமாற்றத்தான் கலந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு சேர்ந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும், உறுதியும் கூடும்.

சரி, அப்புறம் அந்தப் பளபளப்பு எப்படி? செய்து முடித்த நகையைத் தீயில் காட்டுவார்கள். மேலே இருக்கும் செம்பு கறுத்துப்போகும். புளிப்பான செடிச் சாற்றில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்துவிடும், தங்கம் அப்படியே நிற்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து தேய்த்தால் மேல்பரப்பு மட்டும் தங்கம் மிகுந்து மஞ்சளாகிவிடும். வெளியிலிருந்து முலாம் எதுவும் பூசவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

கொலம்பியாவின் முயிஸ்கா மக்கள் காணிக்கையாகச் செய்த 'துன்ஹோ' உருவங்கள் பலவற்றுக்கு இந்த மெருகுகூடக் கிடையாது. மெழுகில் இழை இழையாக உருவம் செய்து, களிமண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்ததை, சொரசொரப்பாக அப்படியே விட்டுவிட்டார்கள். தெய்வத்துக்குப் போவதுதானே, யார் கழுத்துக்கும் இல்லையே. 1969-இல் பாஸ்கா ஊர் அருகே ஒரு குகையில் கிடைத்த, 20 சென்டிமீட்டர்கூட நீளமில்லாத முயிஸ்கா தங்கத் தெப்ப உருவமும் மெழுகு வார்ப்புதான். இப்போது கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் தங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.