கை வைக்கும் முன்: உடம்பு பிடிக்கிற அக்காவிடம் கேள்வி பதில்

வணக்கம். நான் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனால் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தேன். பிள்ளை பெற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்து உடம்பு நொந்துபோன பெண்களுக்கும் 31 வருடமாக எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன், மற்றதற்கு எங்கே போகவேண்டும் என்று சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செம்பனை (பாமாயில் மரம்) குலை வெட்டுகிறேன், வயது 34. வலது தோளும் பிடரியும் ராத்திரி தூங்க விடுவதில்லை. என்ன எண்ணெய் போடலாம்?

எண்ணெயை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதலில் வேலையைப் பார்ப்போம். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த உடம்பெல்லாம் குனிந்த உடம்பு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிவார்கள், பிறகு தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்குவார்கள். இடுப்பும் முட்டியும்தான் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், வலி மேலே ஏறிவிட்டது. இப்போது நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற கழுத்து, நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி ஒரே பக்கமாக இழுக்கிற தோள். விழுந்த குலை ஒவ்வொன்றும் 20 கிலோ, சிலது அதற்கும் மேல். அதையும் தூக்கி வண்டியில் போடவேண்டும்.

உங்கள் மனைவியே செய்யலாம். வெந்நீரில் பிழிந்த துண்டைத் தோளில் பத்து நிமிடம் போடுங்கள். சூடு தாங்குகிற அளவு இருந்தால் போதும். வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயே போதும். தோள்பட்டை எலும்பின் உள் விளிம்பு ஓரமாகக் கட்டை விரலால் அழுத்தி, நீங்கள் நாலு மூச்சு விடும்வரை அப்படியே பிடித்திருக்கவேண்டும். தேய்க்க வேண்டாம், பிடித்திருந்தால் போதும். முதுகெலும்பின் மேலேயும் தொண்டைப் பக்கத்திலும் கை போகக் கூடாது. விரல்கள் மரத்துப்போனாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ நீவுவதை நிறுத்திவிட்டுக் கிளினிக்குப் போங்கள்.

இன்னொன்று. வலியை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் வந்தது. வேலையில் படுகிற காயத்துக்கும், வேலையால் வருகிற நோய்க்கும் அதில் இடம் உண்டு. உங்களோடு வெட்டுகிற வங்காளதேச, இந்தோனேசிய நண்பர்களுக்கும் 2019 முதல் அது உண்டு, அவர்களிடமும் சொல்லுங்கள். என் அம்மா காலத்துப் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓய்வு பெற்றார்கள். யாரும் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை.

கேள்வி: என்ன நேரம் இருப்பீர்கள், எவ்வளவு?

காலை 9 முதல் 1 வரை. 50 வெள்ளி (ரிங்கிட்). முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம். சனிக்கிழமை இல்லை.

கேள்வி: மகளுக்கு அறுவைப் பிரசவம், இன்று 9ஆம் நாள். வயிற்றை இறுக்கிக் கட்டி எண்ணெய் போட்டு நீவவேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதம் பிடிக்கிறார்.

சம்பந்தியம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. அவருக்கு அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவருக்கு வயிற்றில் தையல் இருந்திருக்காது. அறுத்த வயிற்றை ஆறு வாரத்துக்கு நான் தொடுவதில்லை, அதன் பிறகும் மருத்துவர் சரி என்றால்தான். காயத்தின் மேல் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

இந்த வேலையை நான் இரண்டு பேரிடம் கற்றேன். ஒருவர் என் ஆத்தா, அதாவது பாட்டி, தோட்டத்து மருத்துவச்சி. இன்னொருவர் பக்கத்துக் கம்போங்கில் (கிராமத்தில்) இருந்த மலாய் பிடான், அவர்களுடைய மருத்துவச்சி. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் (பிரசவப் பத்தியம்) இருப்பார்கள், பெங்கோங் துணியை அடிவயிற்றிலிருந்து மேலே சுற்றுவார்கள், துங்கு கல்லைச் சுட வைத்து இலையும் துணியும் சுற்றி ஒத்தடம் கொடுப்பார்கள். ஆத்தா நொச்சி, மஞ்சள், வேப்பிலை போட்டு வேது தண்ணீர் காய்ச்சுவார். இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, யாருக்கு என்ன செய்தோம் என்று பேசிக்கொள்வார்கள். அரசாங்கமே 2007இல் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கிப் பிரசவத்துக்குப் பிந்திய உருவுதலையும் சேர்த்துக்கொண்டது. அந்த இரண்டு கிழவிகளும் இருந்து பார்த்திருக்கலாம் என்று நினைப்பேன்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்யக்கூடியது: பால் கொடுத்துக் கொடுத்து இறுகிய தோள், முதுகு, பாதம். உட்கார வைத்தோ பக்கவாட்டில் படுக்க வைத்தோ மெல்ல நீவலாம். காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், கெட்ட வாடை, ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது இருந்தாலும் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எண்ணெய் போடுகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் பல பிள்ளைகள் என்னிடம் வாய் திறப்பார்கள். பிள்ளையைப் பார்த்தால் பாசமே வரவில்லை அக்கா, செத்துப்போய்விடலாம் போல இருக்கிறது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அது திமிர் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. வீட்டுக்கு வருகிற கிளினிக் தாதியிடம் அன்றே சொல்லவேண்டும். உங்கள் மகளைத் தனியாக உட்கார வைத்து ஒரு முறை கேளுங்கள்.

கேள்வி: இரண்டு மாதப் பிள்ளை. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதச் சொல்கிறார்கள்.

வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது, நிமோனியா வரும். உடம்புக்கு மெல்லப் போடுங்கள், தொப்புளைச் சுற்றி விரலால் வட்டமாகத் தடவுங்கள், போதும். கோடாலித் தைலம், கற்பூரத் தைலம் எதுவும் குழந்தையின் பக்கம் வரக்கூடாது. துணி அலமாரியில் பாச்சை உருண்டையும் (அந்துருண்டை) கூடாது. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறை உள்ள பிள்ளைக்கு அந்த வாடையே இரத்தத்தை உடைத்துவிடலாம். உரம் (உள்சுளுக்கு) விழுந்துவிட்டது என்று பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பச்சையாக வாந்தி எடுத்தால் உரம் எடுக்க யாரையும் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: மகன் பந்து விளையாடி விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. நீவி விட்டால் சரியாகுமா?

தொடவே தொடாதீர்கள். எக்ஸ்ரே எடுங்கள். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து, கை மடங்காமல் நின்றுவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இப்போது வயது 40, சட்டைக் காலர் பொத்தானை அவனால் போட முடியாது. இறுக்கிக் கட்டுப் போட்டு விரல் நீலமானாலோ சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்க்கவேண்டும்.

கேள்வி: முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுத்தால் சுகமாக இருக்கிறது. நல்லதுதானே?

தலையைப் பிடித்து விடுவது நல்லது. கழுத்தைத் திருப்பி ஒடிக்கக் கொடுக்காதீர்கள். கழுத்து எலும்புகளின் உள்ளே மூளைக்குப் போகிற இரண்டு இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வெடுக்கென்று திருப்பும்போது குழாயின் உள்சுவர் கிழியலாம், அதில் இரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அரிதுதான். ஆனால் உங்களுக்கு நடந்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

எதிர்க் கேள்வி: எங்கள் அப்பா 40 வருடமாகக் கடை வைத்திருக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அப்பாவின் கையை நான் குறை சொல்லவில்லை தம்பி. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிழிந்த குழாய் அன்றே காட்டிக்கொடுக்கவேண்டும் என்பதில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றி, வாய் கோணி விழுந்தால், அவரை ஆம்புலன்ஸில் கொண்டு போவார்கள். முடிவெட்டும் கடைக்கு வந்து யார் சொல்வார்கள்?

இன்னொருவர்: சொடக்கு கேட்டால்தான் எலும்பு இடத்துக்கு வந்தது என்று அர்த்தம்.

அந்தச் சத்தம் மூட்டு நீரில் உண்டாகிற காற்றுக் குமிழ். எலும்பு எங்கேயும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

மீண்டும் இன்னொருவர்: கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறை) ஆள் செய்தால் மட்டும் சரியா?

அவர்கள் வருடக்கணக்கில் படித்து, உடம்பைச் சோதித்து, இரத்த அழுத்தம், பழைய அடி எல்லாம் கேட்டுவிட்டுச் செய்கிறார்கள். அப்படியும் அந்த அபாயம் முழுதாகப் போவதில்லை. தாடி மழித்த கையோடு, ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்புவது வேறு.

கடைக்காரர் மகனான அதே தம்பி: எங்கள் தொழிலைக் கேவலமாகப் பேசுகிறீர்கள். ஏற்கெனவே எங்களை எல்லாரும் கீழாகத்தான் பார்க்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். தம்பி, என் ஆத்தாவும் முடிவெட்டுகிற குடும்பத்துப் பெண்தான். எங்கள் வீட்டு ஆண்கள் கத்தி பிடித்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். எங்கள் லயத்திலும் அடுத்த லயத்திலும் பிறந்த பிள்ளைகளை முதலில் தொட்டது ஆத்தாவின் கை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். பிள்ளையை எடுத்துக் குளிப்பாட்டி, தாயைத் துடைத்து, துணி எல்லாம் அலசிப் போட்டுவிட்டு வெளியே வந்தால், அவருக்குக் காப்பி வாசலில்தான், அவருக்கென்று தனியாக வைத்த குவளையில்தான். நான் கூடவே போன சிறுமி. அந்தக் குவளை பச்சை எனாமல், விளிம்பில் கறுப்பாக உதிர்ந்திருக்கும். இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே தொட்டுச் செய்கிற வேலையைக் கேவலம் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். நம் கைக்கு ஊரில் மரியாதை வேண்டும் என்பதால்தான், நம் கையால் யாருக்கும் கேடு வரக்கூடாது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்: தலையையும் பிடரியையும் தோளையும் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கட்டும், திருப்புவதை விட்டுவிடட்டும். வாடிக்கையாளர் குறையமாட்டார்கள்.

(கழுத்துச் சொடுக்கைப் பற்றி மேலும் ஆறு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் பதில் இதுதான். இனி இதற்கு எழுதமாட்டேன்.)

கேள்வி: எவ்வளவு காசு அக்கா?

மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: காசு வாங்கினால் கைராசி போய்விடும் என்பார்களே?

ஆத்தா வாங்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு படி அரிசி, சில வீட்டில் அதுவும் இல்லை. கடைசிக் காலத்தில் அவர் விரல் மூட்டெல்லாம் வீங்கி மடக்க முடியாமல் கிடந்தார், மருந்து வாங்கக் கையில் காசில்லை. நான் வாங்குகிறேன்.

கேள்வி: செய்வினையால் வந்த உடம்பு வலிக்கு...

எனக்குத் தெரியாத துறை. கோயிலுக்குப் போங்கள், கிளினிக்கும் போங்கள்.

கேள்வி: லோரி ஓட்டுகிறேன். நாலு நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது. சுளுக்குத்தானே? மனைவியை நீவச் சொல்லலாமா?

அய்யா, இதைப் பார்த்தவுடன் மற்றவர்களை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். யாரும் கை வைக்கக் கூடாது. காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். இன்று ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தஞ்சோங் காராங் பக்கம் என்றால் அங்கேயே. லோரியை நீங்கள் ஓட்ட வேண்டாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 999. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இந்தத் தொழிலில் ஆசை. மசாஜ் என்றாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும். படிக்க வையுங்கள். 2016இல் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென்றே சட்டம் வந்துவிட்டது, அதில் பாரம்பரிய இந்திய மருத்துவமும் ஒரு துறை. சான்றிதழ் இல்லாத கை இனி வெகுநாள் ஓடாது. நான் 40 வயதுக்கு மேல்தான் உடற்கூறு படித்தேன். சொல்லிக் கொடுத்தவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உருவுகிற பார்வையற்ற பெரியவர் ஒருவர். தசையின் பெயரைச் சொல்லுமுன் என் விரலைப் பிடித்து அது தொடங்குகிற இடத்தில் வைப்பார். எங்கே முடிகிறது, நீயே தேடு என்பார். மகளை ஒரு நாள் என்னோடு வந்து உட்காரச் சொல்லுங்கள். முதல் மாதம் எண்ணெய் தொட விடமாட்டேன், வருகிறவர்களிடம் கேள்வி கேட்கத்தான் விடுவேன்.

கேள்வி: ஆன்ட்டி, அம்மாவுக்கு 72 வயது, பால் வெட்டியவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) 15 வருடமாக. முட்டி வலிக்குச் சுடச்சுட ஒத்தடம் கொடுக்கலாமா? பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு.

சுடச்சுட வேண்டாம் மகளே. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள், அந்தப் புண் லேசில் ஆறாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது, நம் ஆட்களில் அதைவிட அதிகம். அதனால் என்னிடம் வருகிறவர்களை முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத்தான் பார்ப்பேன். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அம்மாவிடம் கேட்காதீர்கள். தினமும் விரல் இடுக்கைப் பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் காரமான வலித் தைலம் எதுவும் போடக் கூடாது, அதிலுள்ள மருந்து அந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தம் கசியும்.

புதன்கிழமை காலை கூட்டி வாருங்கள். மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். முட்டிக்கு மட்டும் நல்லெண்ணெய் போடுவோம்.