ரோமுக்குச் சிக்கனமாகப் பறக்க: கேள்வி பதில்

பினாங்கு, கோலாலம்பூர் (கே.எல்.) பக்கமிருந்து ரோம் போகத் திட்டமிடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. பதில் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: திரையில் தெரியும் டிக்கெட் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து ரோமில் தங்கும் அறை வரை மொத்தக் கணக்கையும் போடுங்கள்.

கலைவாணி, பட்டர்வொர்த்: அக்கா, பினாங்கிலிருந்தே டிக்கெட் எடுக்கலாமா, கே.எல். போய் ஏறலாமா? கே.எல். டிக்கெட்தான் மலிவாகத் தெரிகிறது.

பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் கே.எல். போகிற செலவையும் சேர்த்துப் பாருங்கள். ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயில் பிடித்தால் விரைவு ரயிலுக்கு மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கே 55 வெள்ளி (ரிங்கிட்). பஸ் மலிவு, ஆனால் நெரிசலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஏர் ஏசியாவில் போனால் டெர்மினல் 2-இல் இறங்குவீர்கள். கத்தார் ஏர்வேஸ் போன்ற வளைகுடா விமானங்கள் டெர்மினல் 1-இல் புறப்படும். இரண்டுக்கும் நடுவே ரயில் 2 வெள்ளிதான், 3 நிமிடம்தான். ஆனால் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும்.

கத்தார் ஏர்வேஸ் டிக்கெட்டில் பினாங்கு–கே.எல். பகுதியை மலேசியா ஏர்லைன்ஸ் ஓட்டும்படி ஒரே பதிவாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியைப் பினாங்கில் கொடுத்தால் ரோமில் எடுக்கலாம். வித்தியாசம் சில நூறு வெள்ளிக்குள் இருந்தால் அதையே எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பினாங்கிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, "நான் கே.எல்.-இல்தானே இருக்கிறேன், அங்கேயே ஏறிக்கொள்கிறேன்" என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மிச்சம் எல்லாமே ரத்தாகும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட.

தினேஷ், செந்தூல்: ஏர் ஏசியா எக்ஸில் இஸ்தான்புல், அங்கிருந்து வேறு மலிவு விமானத்தில் ரோம். நல்ல யோசனையா?

தம்பி, செய்யலாம், ஆனால் விளைவு தெரிந்து செய்யுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. இறங்குவது சபிஹா கோக்சென் நிலையம், அது ஆசியக் கரையில் இருக்கிறது. பெகாசஸ் என்ற துருக்கிய மலிவு நிறுவனம் அங்கிருந்தே ரோமுக்குப் பறப்பதால் அது பொருந்தும். துருக்கிய ஏர்லைன்ஸ் எடுத்தால், புறப்படும் இடம் ஐரோப்பியக் கரையிலுள்ள பெரிய நிலையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நகரத்தையே கடக்க வேண்டும். மலேசியர்களுக்குத் துருக்கிக்குள் நுழைய விசா தேவையில்லை, ஆனால் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) குறைந்தது 150 நாளுக்குச் செல்லுபடியாக வேண்டும். நடுவில் ஓர் இரவு இஸ்தான்புல்லில் தங்குவதாகத் திட்டம் போட்டால்தான் இந்த வழி பாதுகாப்பு. இரண்டு நிறுவனத்துக்கும் பெட்டிக் கட்டணத்தைத் தனித்தனியாகக் கூட்டிவிட்டு, பிறகு ஒரே டிக்கெட் விலையோடு ஒப்பிடுங்கள். பல நேரம் மிச்சம் காணாமல் போயிருக்கும்.

ரேவதி, பிரிக்பீல்ட்ஸ்: எனக்கு மலேசியக் கடப்பிதழ். கணவர் இந்தியர், வேலை பெர்மிட்டில் இங்கே இருக்கிறார்.

உங்களுக்கு விசா வேண்டாம்: இத்தாலியும் சேர்ந்த ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் இருக்கலாம். கடப்பிதழ், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். இட்டியாஸ் (ETIAS) என்ற ஐரோப்பியப் பயண முன் அனுமதி நடைமுறைக்கு வந்தபின் அதற்கு 20 யூரோ கட்டணம், 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் இலவசம். அதிகம் கேட்கும் இணையதளம் இடைத்தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஷெங்கன் விசா தேவை, கட்டணம் 90 யூரோ. இங்கே சட்டப்படி வசிப்பதால் கோலாலம்பூரிலேயே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை ஏற்பார்கள். 15-ஆவது நாள் வரை காத்திருக்காதீர்கள், சந்திப்பு நேரம் கிடைப்பதே சிரமம். பயண மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெர்மிட் முடிகிற தேதி பயணத்துக்கு நெருக்கமாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஆரோக்கியம், புக்கிட் மெர்தாஜாம்: நாங்கள் நால்வரும் பெரியவர்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது? வத்திக்கான் செலவு என்ன?

ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் இருக்கும் தெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. தனித்தனியாக எடுத்தால் நான்கு பேருக்கு 56. வெள்ளை நிற அதிகாரப்பூர்வ டாக்சி, பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் காருக்கு 55 யூரோ, பெட்டியோடு. ஆகவே உங்களுக்கு டாக்சிதான். வருகைக் கூடத்தில் வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாமல் வெளியே வரிசையில் நில்லுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு 8 யூரோ எஃப்.எல்.1 என்ற உள்ளூர் ரயில் போதும், ஆனால் அது தெர்மினிக்குப் போகாது.

புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமே இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புதன்கிழமை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்புக்கான சீட்டும் இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் வாங்காதீர்கள். அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்தால் இன்னும் 5. மாதக் கடைசி ஞாயிறு இலவசம்தான், ஆனால் கூட்டம் அரை நாளைத் தின்றுவிடும். அந்த 5 யூரோவைக் கொடுத்துவிடுங்கள்.

சரவணன், ஜார்ஜ்டவுன்: அம்மா சுத்த சைவம். என்ன சாப்பிடுவார்?

ரோமில் பிட்ஸாவை எடை போட்டு விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கடைக்காரர் கத்தியைப் பிட்ஸா மேல் வைத்து "இவ்வளவா?" என்பதுபோல் பார்ப்பார். சிறியதாக வேண்டுமானால் கையைக் காட்டிக் கத்தியை உள்ளே நகர்த்தச் சொல்லுங்கள், வெட்டியபின் பேரம் இல்லை. மரினாரா என்றால் தக்காளி, பூண்டு, ஒரேகானோ மட்டும், சீஸ்கூட இல்லை.

மாட்டிக்கொள்கிற இடங்கள் மூன்று. சுப்லி என்ற பொரித்த சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. பூசணிப்பூ பொரியலுக்குள் நெத்திலி. பெகோரினோ ரோமானோ சீஸில் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள், ஆகவே அந்தச் சீஸ் போட்டுச் செய்யும் காச்சோ எ பெப்பே பாஸ்தாவும் உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

சமையலறையுள்ள அறை எடுங்கள். தெர்மினி அருகே எஸ்குயிலினோ சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். இங்கிருந்து நெய்யும் பச்சைக் கறிவேப்பிலையும் கொண்டுபோக வேண்டாம். பால் பொருளுக்குத் தடை, இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பொடிகள் போதும்.

மாலதி, கெப்போங்: எந்த மாதம் மலிவு?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. குளிரும், ஆனால் கொலோசியத்தில் வரிசை குறைவு. அதன் 18 யூரோ டிக்கெட் 30 நாள் முன்புதான் திறக்கும், கடப்பிதழில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.

குணா, சுங்கை ஆரா: அட்டையா, ரொக்கமா?

அட்டைதான். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். இயந்திரம் "ரிங்கிட்டா, யூரோவா" என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரிங்கிட்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். ஓட்டலில் நகர வரி தனி: 3 நட்சத்திர ஓட்டலுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ.

பெயர் வேண்டாம், பாயான் லெப்பாஸ்: திரும்பும்போது விமானம் தாமதமானால்?

ரோமிலிருந்து புறப்படும் எந்த நிறுவனமானாலும் ஐரோப்பிய விதி பொருந்தும். ஒரே பதிவில் இருந்து, நிறுவனத்தின் தவறால் கடைசி ஊரை 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். புயல் போன்ற காரணங்களுக்குக் கிடையாது. போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள், தாமதத்துக்கான காரணத்தைக் கவுண்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.