எண்ணெய் குடித்தால் சர்க்கரை இறங்குமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் கணவருக்கு இனிப்புநீர். காலையில் கிளிக்லசைட், இரவில் மெட்ஃபோர்மின் எடுக்கிறார். பத்து நாளாக வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி கருஞ்சீரக எண்ணெயும் குடிக்கிறார். பதினொரு மணி வாக்கில் வியர்த்துக் கை நடுங்குகிறது. எதை நிறுத்துவது?
– வாசகி, செந்தூல்

பதில்: எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லுங்கள். கிளிக்லசைட் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். பசியாறினாரா இல்லையா என்று அது பார்க்காது. கருஞ்சீரக எண்ணெயும் சர்க்கரையைச் சற்று இறக்குவதாகச் சில சிறிய ஆய்வுகளில் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து, பசியாறலும் அரைகுறையானால் சர்க்கரை தாழலாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு.

நடுக்கம் வந்ததும் விரலில் குத்திப் பாருங்கள். 3.9 mmol/L அளவுக்குக் கீழே இருந்தால் அரை கிளாஸ் தண்ணீரில் 3 தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருக்காதீர்கள். பாலின் கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியபின் இரண்டு துண்டு ரொட்டி. மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். நேரம், அளவு, அன்று சாப்பிட்டது எல்லாவற்றையும் குறித்துக் கொண்டுபோனால் மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதா என்று முடிவு செய்வார்.

அந்த பாட்டிலையும் பாருங்கள். மலேசியாவில் மருந்தாகப் பதிவான பாரம்பரியப் பொருளில் 'டி' எழுத்தில் முடியும் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். பதிவு இருப்பதால் மட்டும் அது சர்க்கரையைக் குறைக்கும் என்று ஆகிவிடாது. 'இனிப்புநீரைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடை செய்கிறது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: செம்பனை எண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறினால் சர்க்கரை குறையுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்குப் பலன் சிறிது. செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 40 முதல் 50 சதவீதம், நல்லெண்ணெயில் 15 வாக்கில், தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 102 உணவுச் சோதனைகளை அலசியது. மாவுச்சத்தின் கலோரியில் ஒரு பங்கை, அதாவது நாளின் மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவை, நிறைவுறாக் கொழுப்பாக மாற்றினால் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை அளவு) ஏறத்தாழ 0.1 சதவீதப் புள்ளி இறங்கியது. மெட்ஃபோர்மின் 1 புள்ளி அளவுக்கு இறக்கும்.

'மாற்றினால்' என்பதைக் கவனியுங்கள். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 2 தேக்கரண்டிக்குச் சற்று மேலான எண்ணெய். அதற்கு ஈடாகக் கிட்டத்தட்ட அரைக் கிண்ணம் சோறு குறைய வேண்டும். சோற்றையும் குறைக்காமல் எண்ணெயை ஊற்றினால் எடை ஏறும். எடை ஏறினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 தேக்கரண்டி போதும். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் சுமார் 2 லிட்டர், ஏறத்தாழ 1 கிலோ பாக்கெட் இரண்டு. திறந்த தேதியைப் பாக்கெட்டில் எழுதிவையுங்கள். பத்தாம் தேதியே காலியானால் எங்கே போனது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்! சம்பல் வதக்கும்போது எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் கரண்டியால் வழித்தெடுங்கள். சந்தானும் (தேங்காய்ப்பாலும்) கொழுப்புக் கணக்கில்தான் சேரும். பொரித்த எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, நுரை தள்ளினால் கொட்டிவிடுங்கள். பழைய எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் எண்ணெயை அதிகம் குடிக்கும்.

கேள்வி: இனிப்புநீர் உள்ளவர் வெடித்த குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, பிறை

பதில்: குதிகாலில் தடவலாம். விரல் இடுக்கில் வேண்டாம். ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். வெடிப்பில் இரத்தமோ சீழோ தெரிந்தால் எண்ணெயைத் தொடாமல் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள்.